செருப்பு யாருக்கு?

அத்தியாயம் நான்கு

எங்கள் அலுவலகத்து மரப்படிகள் பொல்லாதவை. யார் ஏறினாலும் முன்கூட்டியே கோள் சொல்லிவிடும். சப்பாத்துச் சத்தம் என்றால் பொலிஸ். உயர்ந்த குதியின் டக் டக் என்றால் புருஷன் பெண்சாதிப் பிணக்கு. இழுபட்டு வரும் ரப்பர்ச் சத்தம் என்றால் கீழே தையல் கடை வைத்திருப்பவர் எங்கள் பேப்பரை இரவல் வாங்க வருகிறார். 2007ஆம் ஆண்டின் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் படிகள் வாயே திறக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் ஆள் மேசைக்கு முன்னால் நிற்கிறார். மடிப்புக் கலையாத காற்சட்டை, வெள்ளை ஷேர்ட், கையில் குடை. காலில் மட்டும் ஒன்றுமில்லை.

வெள்ளவத்தையில் இவரைத் தெரியாதவர்கள் குறைவு. பெயர் ஸ்ரீஸ்கந்தராசா. கச்சேரி என்கிற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். பங்குனி மாதம் மகன் நிரூபனை யாரென்று சொல்லாத ஆட்கள் வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போன நாளிலிருந்து, அவன் வீடு திரும்பும்வரை செருப்புப் போடுவதில்லை என்று கதிர்காமத்தானுக்கு நேர்ந்துகொண்டு, காலி நகருக்குப் போகும் காலி வீதியின் உருகுகிற தாரில் வெறுங்காலோடு நடக்கிறவர்.

நான் சிவக்கொழுந்து. யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர், கொழும்பில் துப்பறிவாளரின் உதவியாளர். இது பதவி உயர்வா, இறக்கமா என்று எனக்கே இன்னும் விளங்கவில்லை. என் முதலாளி ஐறீன் மிஸ், கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். இன்சூரன்ஸ் கம்பனி ஒன்றுக்காகப் பல வருடம் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்தவர். 'கடை எரிந்தது, உள்ளே ஒரு எலிகூடச் சாகவில்லை. ஆகவே முதலாளி எலிகளுக்கும் சொல்லிவிட்டுத்தான் கொளுத்தியிருக்கிறார்' என்று அறிக்கை எழுதியதால் அங்கே அவருக்குப் பெயரும் கெட்டது, புகழும் வந்தது. அவருக்குப் பயம் காட்டினால் பிடிக்காது. காட்டுகிறவரையும் பிடிக்காது.

ஸ்ரீஸ்கந்தராசா சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான். பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் சேர்ந்து ஒரு ஈமெயில் கணக்குத் திறந்திருந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் பெட்டி. படங்கள், வான் இலக்கங்கள், கண்ணால் கண்டவர்கள் எழுதி அனுப்பியவை எல்லாம் பெட்டிக்குள். வீட்டில் ஒரு பிரதிகூட வைக்கக் கூடாது, சுற்றிவளைப்பில் அகப்பட்டால் படமும் போகும், ஆளும் போகும். பாஸ்வேர்ட் மூன்று பேருக்குத் தெரியும். குழுவின் செயலாளரான இவருக்கு. பாமன்கடையில் இருக்கும் இரத்தினம்மாவுக்கு. வெள்ளவத்தையில் கொமியூனிகேஷன், அதாவது போன், இன்டர்நெட் கடை, நடத்தும் பலீலாவுக்கு. இரத்தினம்மாவின் மகன் செந்தூரன், நிரூபனின் கூட்டாளி. இரண்டு பேரும் ஒரே வானில் போனவர்கள். பலீலாவின் நானாவை, முஸ்லிம் வீட்டில் அண்ணனுக்கு அதுதான் பெயர், கிராண்ட்பாஸில் வைத்துத் தூக்கினார்கள்.

பெட்டிக்குள் ஒரு படம் இருந்தது. பஸ் ஹோல்ட்டுக்கு எதிரே நின்ற யாரோ ஒரு நல்ல மனிதர் கைபேசியில் எடுத்து அனுப்பியது. வான், அதன் இலக்கத் தகடு, கதவுக்குள் தள்ளப்படும் இரண்டு பையன்கள், தள்ளுகிறவனின் முகம். அப்படி ஒரு வானே இல்லை, அப்படி ஒருவரையும் பிடிக்கவே இல்லை என்று கேட்ட இடமெல்லாம் அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை புதுக்கடைக் கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், ஆட்கொணர்வு மனு விசாரணைக்கு வருகிறது. படம் இருந்தால் வழக்கு. இல்லாவிட்டால் இரண்டு பெற்றோரின் அழுகை மட்டும்தான். அனுப்பியவரின் பெயரும் அதோடு சேர்ந்து வெளியே போகும் என்பதால், கோட்டில் காட்டும்வரை வேறெங்கும் அனுப்ப வேண்டாம் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். இப்போது பெட்டி திறக்கவில்லை. யாரோ பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள்.

"மூணு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டா?" என்று மிஸ் கேட்டார்.

"ஓம். நாங்கள் ஆளையாள் நம்பிற ஆக்கள்."

"ஒரே பூட்டுத் திறப்பை மூணா வெட்டிக் குடுத்தா, களவு போற அன்னைக்கு மூணு பேரும் கள்ளர்தான். யார்மேல சந்தேகம்?"

அவர் குடையைப் பார்த்துக்கொண்டு பலீலாவின் பெயரைச் சொன்னார். கொம்பியூட்டர் தெரிந்த பிள்ளை, கடையும் அவளுடையது, அத்தோடு அவை வேற ஆக்கள் தானே என்றார். மிஸ் பேனையை மேசையில் வைத்தார். வைத்த சத்தத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அவங்கட நானாவைக் கொண்டுபோனவன் என்ன ஆக்கள்னு பாத்தா கொண்டுபோனான்?" என்றார் மிஸ். பிறகு குரலைத் தணித்து, பெட்டி எப்போது வேண்டும் என்று கேட்டார்.

இன்று பின்னேரத்துக்குள் வேண்டுமாம். புதுப் பாஸ்வேர்ட் கிடைத்தால் தனக்கு மட்டும் சொல்ல வேண்டுமாம், மற்ற இருவருக்கும் மூச்சுக்கூட விடக் கூடாதாம். கோடு நாளைக் காலையில்தானே, அப்படி இருக்கப் பின்னேரம் ஏன் என்றார் மிஸ். லோயர் கேட்டவர் என்று சொல்லிவிட்டு, வந்த மாதிரியே சத்தமில்லாமல் படியிறங்கிப் போனார்.

"பாவம், நல்ல மனிசன்" என்றேன்.

"ரெண்டும்தான்" என்றார் மிஸ். "ஓட்டோ ஒண்ணைப் பிடி, கொழுந்து."

பம்பலப்பிட்டிச் சோதனைச் சாவடியில் ஓட்டோவை மறித்தார்கள். என் அடையாள அட்டையை வாங்கிய ஆமிக்காரப் பையன் பெயரை வாசிக்கத் தொடங்கி, பாதியில் களைத்துப்போய், எங்கே போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டான். மிஸ் அவனை விட வேகமான சிங்களத்தில் பதில் சொல்லி, இந்த வெயிலில் தொப்பி போடாமல் நிற்காதே என்று ஒரு புத்திமதியும் கொடுத்தார். அவன் சரி அம்மே என்றான். என் பெயரோடு அவனுக்கு இருந்த பகை மட்டும் தீரவில்லை.

பலீலாவின் கொமியூனிகேஷன் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருந்தது. வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. உள்ளே கம்பளம் விரித்து ஏசி போட்டிருப்பதால் செருப்போடு எவரையும் விடமாட்டாள். முப்பது வயதுக்குள் இருக்கும். தலையில் கறுப்பு முக்காடு, கண்ணில் நித்திரையில்லை. பெட்டி திறக்கவில்லை என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. தன்னைத்தான் சந்தேகப்படுவார்கள் என்பதும் தெரிந்திருந்தது.

"நான் மாத்தல்ல மிஸ். அல்லா மேல ஆணை. எங்கட நானாட படமும் அதுக்குள்ளதான் ஈக்குது."

மிஸ் சுவரோரம் இருந்த கொம்பியூட்டரில் உட்கார்ந்து, பாஸ்வேர்ட் மறந்துபோச்சு என்ற இடத்தை அமத்தினார். மறந்துபோனவர் உண்மையான சொந்தக்காரர்தானா என்று பார்க்க அது ஒரு கேள்வி கேட்கும். கணக்குத் திறந்த அன்று பலீலா போட்டு வைத்த கேள்வி, படித்த முதல் பள்ளிக்கூடம் எது என்பது. திரையில் வந்தது அது இல்லை. ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு கேள்வி நின்றது: 'செருப்பு யாருக்கு?'

பலீலா ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தாள். நான் அதைவிட விளங்காமல் மிஸ்ஸைப் பார்த்தேன்.

"மாத்தினவங்க பாஸ்வேர்டோட கேள்வியையும் மாத்தியிருக்காங்க" என்றார் மிஸ். அவர் முகத்தில் அன்றைய முதல் சந்தோஷம் தெரிந்தது. "நல்ல காலம். அப்ப இது கள்ளன் இல்ல."

"எப்பிடி மிஸ்?"

"கள்ளன் வந்தா அள்ளிட்டுப் போவான். கதவைப் பூட்டி, வாசல்ல கேள்வி எழுதி வச்சிட்டுப் போகமாட்டான். இது யாருக்கோ எழுதின கேள்வி. அந்த ஆளுக்கு மட்டும் சுடும்."

பதிலைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். 'எனக்கு' என்று அடித்தேன், பிழை. 'காலுக்கு' என்று அடித்தேன், அதுவும் பிழை. இன்னொன்றை அடிக்கப் போக, மிஸ் என் கையைப் பிடித்து எடுத்துவிட்டு, இன்னும் பிழை விட்டால் பெட்டி ஒரேயடியாகப் பூட்டிக்கொள்ளும் என்றார். நான் எழும்பி வாசலுக்குப் போனேன். கேள்வி செருப்பைப் பற்றியது, வாசலில் செருப்பு கிடக்கிறது. அவ்வளவுக்கு எனக்கும் மூளை இருக்கிறது.

உள்ளே இருந்தவர்களிடம் ஒவ்வொரு சோடியாகக் காட்டிக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது, ஒன்றைத் தவிர. கபில நிறத் தோல் செருப்பு, ஆண்கள் போடுவது, நல்ல பெரிய பாதம்.

"அது ரெண்டு நாளா ஈக்குது" என்றாள் பலீலா. "ஒத்தரும் கேக்கல்ல. இண்டைக்கும் வரல்லன்னா குப்பையில போடுவன். வாசல்ல அநாதைச் செருப்புக் கிடந்தா எனக்குப் பாக்க ஏலா."

எனக்குக் கதை உடனே விளங்கிவிட்டது. சுற்றிவளைப்பு வருகிறதென்று கேள்விப்பட்டு எவனோ பின்பக்கத்தால் வெறுங்காலோடு ஓடியிருக்கிறான், அவன்தான் நம்முடைய ஆள் என்றேன். மிஸ் செருப்பைத் திருப்பி அடிப்பக்கத்தை என் மூக்குக்கு முன்னால் பிடித்தார். ஒரு பொட்டு மண் இல்லை. கடைக்காரர் ஒட்டிய சின்னத் தாளும் அப்படியே இருந்தது.

"இது காலில வந்த செருப்பு இல்ல, பையில வந்தது. புதுச் செருப்பு ரெண்டு நாள் வாசல்ல கிடக்கு. வாங்கினவன் ஏன் எடுக்க வரல்ல?"

"மறந்திருப்பான்."

"புதுச் செருப்பை எவன் மறப்பான், கொழுந்து? நீ போன வருசம் வாங்கினதை இன்னும் கட்டிலுக்குக் கீழ தாளில சுத்தி வச்சிருக்க."

அது உண்மைதான். யார் சொன்னதென்று தெரியவில்லை.

மிஸ் பலீலாவிடம் இன்னும் ஒன்று மட்டும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை இந்தச் சுவரோரக் கொம்பியூட்டரில் குழுவைச் சேர்ந்தவர் யாராவது இருந்தார்களா. பலீலா யோசித்தாள். செயலாளர் வந்தார், கொஞ்ச நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் எழும்பிப் போனார். பிறகு இரத்தினம்மா அன்ரி வந்தா. மிஸ் தலையை ஆட்டிவிட்டு, அந்தச் செருப்பை ஒரு பையில் போட்டு என் கையில் தந்தார். பாமன்கடைக்கு நடப்போம் என்றார்.

காலி வீதியைக் கடந்தவுடன் காவலுக்கு நின்றவன் பையைத் திறக்கச் சொன்னான். உள்ளே பார்த்தான். என் காலைப் பார்த்தான், அதில் செருப்பு இருந்தது. மறுபடியும் பைக்குள் பார்த்தான்.

"மே செரெப்பு காகெத?" என்றான். இந்தச் செருப்பு யாருடையதாம்.

வந்த கோபத்தில், அதைத்தான் ஐயா காலையிலிருந்து எல்லாரும் கேட்கிறோம் என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவன் துவக்கை மற்றத் தோளுக்கு மாற்றினான். என்னுடையது இல்லை என்று சொன்னால் களவு, என்னுடையது என்றால் என் காலுக்குப் பொருந்தாது. மிஸ் முன்னால் வந்து, புருஷனுக்கு வாங்கினேன், அளவு பெரிசு, மாற்றப் போகிறேன் என்று சிங்களத்தில் சொன்னார். மிஸ்ஸுக்குப் புருஷன் கிடையாது. அவன் சிரித்து வழிவிட்டான்.

"பாத்தியா" என்றார் மிஸ், கொஞ்சத் தூரம் வந்த பிறகு. "என்டதுன்னு சொல்ல ஏலாத செருப்பு எவ்வளவு கஷ்டம்னு."

இரத்தினம்மா ஒரு மாடி வீட்டின் பின்பக்க அனெக்ஸில் இருந்தார். கோட்டையில் ஒரு கந்தோரில் ரைப்பிஸ்ட்டாக இருந்தவர். ஐம்பத்தைந்து வயது, மெலிந்த உடம்பு, நிமிர்ந்த முதுகு. கதவைத் திறந்தார். மிஸ்ஸைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. என் கையில் இருந்த பையைப் பார்த்தார்.

"ஒரு மாதிரி ஆரோ கேட்டு வந்திட்டினம்" என்றார்.

பாஸ்வேர்டை மாற்றியது தான்தான் என்று ஒளிக்காமல் சொன்னார். மூன்று பேரில் ஒருவர் எங்களிடம் வந்து கேட்டார், ஒருவர் பயந்துபோய் இருக்கிறார், அதனால்தான் மூன்றாவது ஆளிடம் வந்தேன் என்றார் மிஸ். ஏன் மாற்றினீர்கள் என்று அவர் கேட்கவில்லை. நான் கேட்டேன். இரத்தினம்மா தேத்தண்ணிக் கோப்பையை என் கையில் தந்துவிட்டு, சுவரில் இருந்த மகனின் படத்தைப் பார்த்தார். படத்துக்கு மாலை இல்லை. மாலை போடச் சொன்ன உறவுக்காரர் ஒருவரை வீட்டுக்கே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

"செருப்பு ஆருக்கெண்டு அந்த ஆளே வந்து என்ர முகத்தைப் பாத்துச் சொல்லட்டும். அதுக்குப் பிறகு நான் பெட்டியைத் திறக்கிறன். இல்லாட்டி நாளைக்குக் காலமை கோட்டு வாசலில வைச்சு நானே திறப்பன். அதுவரைக்கும் ஆரும் என்னைக் கொண்டுபோய்க் கேட்டாலும் சொல்லமாட்டன்."

சொன்ன விதத்தில், கேட்க வருகிறவனுக்காக நான் பயந்தேன்.

திரும்பி வரும்போது மூன்று பேராக வந்தோம். மிஸ் கைபேசியில் ஸ்ரீஸ்கந்தராசாவைக் கூப்பிட்டு, திறப்பு கிடைத்துவிட்டது, பலீலாவின் கடைக்கு வாருங்கள் என்றார். பின்னேர வெயிலில் அவர் வேகமாக நடந்து வந்தார். வாசலில் வரிசையைப் பார்த்து ஒரு கணம் நின்றார். நேற்று வரை இருந்த ஒன்று அங்கே இல்லை. முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. உள்ளே வந்து சுவரோர நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போதுதான் திரையில் இருந்த கேள்வியை வாசித்தார். மேசைக்குக் கீழே, அவருடைய வெறுங்காலுக்குப் பக்கத்தில், கபிலச் செருப்பு இரண்டும் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன.

கடையில் மற்ற ஆட்களைப் பலீலா ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தாள். 

"காலையில இருந்து யோசிச்சன் ஐயா" என்றார் மிஸ். "புதுச் செருப்பு வாங்கி, அதைக் கண்ணால கண்டும், இது என்டதுன்னு எடுக்க ஏலாத ஆள் இந்த வெள்ளவத்தையில யார் இருக்காங்கன்னு. ஒரே ஒருத்தர்தான் இருக்கார். மகன் வரும்வரை செருப்புப் போடமாட்டன்னு ஊருக்கே தெரிய நேந்தவர்."

எனக்கு அப்போதுதான் மண்டையில் இறங்கியது. அந்த மனிதர் செருப்பு வாங்கினார் என்றால், மகன் வரப்போகிறான் என்று யாரோ அவருக்கு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

ஸ்ரீஸ்கந்தராசா மறுக்கவில்லை. குனிந்த தலையோடு சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை ஒருவன் வந்தான். கைபேசியைக் காதில் வைக்கச் சொன்னான்.

"ஒரு சொல்லுத்தான் கேட்டது. அப்பா எண்டு. நிரூபன்ர குரல். பெட்டியின்ர திறப்பைச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் தந்தா, புதன்கிழமை பொடியன் வீட்டில எண்டான். நான் நேராக் கடைக்குப் போய்ச் செருப்பு வாங்கினனான்."

வாங்கிக்கொண்டு இங்கே வந்தாராம், கடைசியாக ஒருமுறை படத்தைப் பார்த்துவிட்டுப் போக. படத்தில் நிரூபனின் தோளில் செந்தூரனின் கை இருந்தது. அதற்கு மேல் பார்க்க முடியாமல் எழும்பிப் போய்விட்டார். பெட்டியை மூடவும் மறந்தார், பையையும் மறந்தார். அவர் எழும்பிப் போகிறதைக் கண்டுகொண்டே அடுத்ததாக அந்த நாற்காலிக்கு வந்த இரத்தினம்மா, திரையில் தன் மகனைக் கண்டார். காலடியில் அந்த மனிதரின் புதுச் செருப்பைக் கண்டார். இரண்டையும் சேர்த்துக் கூட்ட அவருக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. பெட்டியைப் பூட்டினார். செருப்பை வாசலில் வைத்தார்.

"ஊருக்குச் சொல்லியிருக்கலாம்" என்றேன் நான்.

"சொன்னா இந்த மனிசனை ஆர் மதிப்பினம்?" என்றார் இரத்தினம்மா. "தானா வந்து எடுக்கட்டும், எடுத்தா என்னட்டைக் கதைப்பார் எண்டு பாத்தனான். நேற்றைக்கும் வந்தவர், நான் எதிர்ப்பக்கம் நிண்டு பாத்தனான். பாத்துப் பாத்துக் கடந்து போனவர்." பிறகு அவரை நேராகப் பார்த்தார். "சொல்லுங்கோ. செருப்பு ஆருக்கு?"

"எனக்கு" என்றார் அவர். அழுதுகொண்டு சொன்னார். "உங்கட பிள்ளையை நான் நினைக்கேல்லை. நினைக்கக் கூடாதெண்டு நினைச்சனான்."

இரத்தினம்மாவுக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? ஆனால் கை ஓங்கவில்லை, சாபம் போடவில்லை. தன்னுடைய பிள்ளையின் குரலை அவன் கேட்கத் தந்திருந்தால் தான் எதையெல்லாம் கொடுத்திருப்பேனோ தெரியாது என்று மட்டும் சொன்னார்.

மிஸ் நாற்காலியை இழுத்து அவருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, இத்தனை மாசமா அவங்க என்ன சொல்றாங்க? ஒருத்தரையும் பிடிக்கலன்னு. அது பொய்னு சொல்ல உலகத்தில ஒரே ஒரு சாட்சி அந்தப் படம். படம் இருக்கிற வரைக்கும்தான் உங்கட மகனைப் பிடிச்சது நடந்த காரியம். அதைக் குடுத்திட்டா, அவங்க யாரையும் பிடிக்கவே இல்ல. பிடிக்காத ஆளை எப்பிடி விடுறது?"

 ஸ்ரீஸ்கந்தராசா கணக்குக் கூட்டிப் பழகிய மனிதர். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இந்த ஒரு கணக்கை மட்டும் கூட்டிப் பார்க்கப் பயந்திருக்கிறார்.

"இன்னைக்குக் காலையில பூட்டைக் காணும்வரை திறப்பு உங்கட வாயிலதான் இருக்குன்னு நினைச்சீங்க" என்றார் மிஸ். "ஒரு போன் எடுத்துச் சொல்லியிருக்கலாம். நீங்க சொல்லல. அதை நான் மறக்கல."

இரத்தினம்மா அவருடைய தோளுக்கு மேலால் குனிந்து, கேள்விக்குக் கீழே பதிலை அடித்தார். ரைப்பிஸ்ட் கை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது. 'ரெண்டு பேருக்கும்' என்று இருந்தது. பெட்டி திறந்தது. படம் மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல வந்தது. வானின் கூரை, கதவு, இலக்கத் தகடு, அந்தத் தடியனின் முகம், பிறகு இரண்டு பிள்ளைகள். பலீலா முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்தாள்.

"சரி, இனி பூட்டைப் பாப்பம்" என்றார் மிஸ். "ஐயா, கச்சேரிப் பெட்டகத்துக்கு எத்தனை திறப்பு?"

"ரெண்டு. ஒண்டு என்னட்டை, மற்றது காசு பாக்கிற சிறாப்பரிட்டை. ரெண்டு பேரும் நிண்டாத்தான் திறக்கும்."

"ஏன் அப்பிடி?"

"ஒருத்தரை வெருட்டினாலும் காசு வெளிய போகாமல்..." அவர் பாதியில் நிறுத்தினார். காசுக்குக் காட்டிய கவனத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் விட்டோமே என்று அவர் முகம் சொன்னது.

ஆகவே பாஸ்வேர்ட் மூன்று துண்டானது. ஒருவர் அடிக்கும்போது மற்ற இருவரும் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். முதல் துண்டு பலீலாவுடையது, நடுத்துண்டு இரத்தினம்மாவுடையது. மூன்றாவதை மிஸ் அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஸ்ரீஸ்கந்தராசாவைக் காட்டினார்.

நானே வாய்விட்டுக் கேட்டுவிட்டேன், இவருக்கா என்று. அவரும் அதையேதான் கேட்டார், தன்னை நம்ப வேண்டாம் என்று சொன்னார்.

"உங்களை நம்பல ஐயா, பூட்டை நம்புறன்" என்றார் மிஸ். "இனி அவன் வந்து கேட்டா நீங்க பொய் சொல்லத் தேவையில்ல. என்னால தனியத் திறக்க ஏலாதுன்னு உண்மையைச் சொல்லலாம். எந்தத் தகப்பனையும் இனி அந்த இடத்தில நிப்பாட்ட ஏலாது."

"நீங்கள் விலகிப் போனா அது அவங்களுக்கு வெற்றி" என்றார் இரத்தினம்மா. "அடியுங்கோ."

அவர் அடித்தார். ஒரு விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி. மறந்துபோன ஆளுக்குக் கேட்கும் கேள்விக்கும் மூன்று பேரும் மூன்று துண்டுப் பதில் போட்டார்கள். முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து வைக்கிறதா என்றார் மிஸ். ஒருவருக்கு ஏதும் நடந்தால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். அவரவர் துண்டை அவரவர் நம்பும் இன்னும் ஓர் ஆளிடம் சொல்லி வைக்கட்டும், அது யார் என்று மற்ற இருவருக்கும் தெரியக் கூடாது என்று பதில் வந்தது. அந்த ஆள் நான் இல்லை என்று மூன்று பேரும் உடனடியாக முடிவெடுத்தது முகத்தில் தெரிந்தது. மனவருத்தம் இல்லை, சரியான முடிவுதான்.

எல்லாவற்றையும் மூடி, ஒருவர் இல்லாமல் மற்றவர் திறக்க முடிகிறதா என்று முயன்று பார்த்தோம். முடியவில்லை. அந்த நேரம் ஸ்ரீஸ்கந்தராசாவின் கைபேசி அடித்தது. இலக்கம் காட்டாத அழைப்பு. அவர் மிஸ்ஸைப் பார்த்தார்.  எடுக்காதீர்கள் என்று நான் சொல்ல நினைத்தேன்.

அவர் எழும்பி நின்றுகொண்டுதான் எடுத்தார்.

"ஓம், நான்தான். பெட்டி என்னால திறக்கேலாது. இல்லை, பொய் இல்லை. இனி தனிய ஒருத்தராலும் ஏலாது." மறுபக்கம் ஏதோ உறுமியது. அவர் கண்ணை மூடிக் கேட்டார், பிறகு திறந்தார். "நாளைக்குக் காலமை புதுக்கடைக் கோட்டுக்கு வாங்கோ. எல்லாருக்கும் முன்னால படத்தைக் காட்டுவம். வரேக்க ரெண்டு பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

கைபேசியை வைத்தபோது அவருடைய சட்டை முழுக்க நனைந்திருந்தது. இரத்தினம்மா செருப்பைப் பையில் போட்டு நீட்டினார். அவர் பையை வாங்கவில்லை. செருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், குனிந்து, வரிசையின் தலைப்பக்கத்தில் இரண்டையும் சேர்த்து வைத்தார்.

"பிள்ளை, இது என்ர செருப்பு" என்றார் பலீலாவிடம். ஒழுங்கையில் போனவர்களும் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னார். "ஆரும் கேட்டாச் சொல்லு. ரெண்டு பிள்ளையளும் வரட்டும். வந்து போடுறன்."

சொல்லிவிட்டு, சுடுகிற தாரில் வெறுங்காலோடு காலி வீதிப் பக்கம் நடந்தார். அநாதைச் செருப்பு வாசலில் கிடந்தால் பார்க்க ஏலாத பலீலா, ஒரு துணியை எடுத்து வந்து அந்தச் சோடியைத் துடைத்து வைத்தாள்.